ஊசிக்குருவி இந்த வருஷம் வரவில்லை

ஜூன் 9

பாப்பா,

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்டிருந்தாய். லைன் சரியில்லை. நீ பேசுவது கிணற்றுக்குள் இருந்து யாரோ முணுமுணுப்பது போல வருகிறது. திரும்பத் திரும்ப ‘என்ன, என்ன’ என்று கேட்க எனக்கும் அலுப்பு, சொன்னதையே சொல்ல உனக்கும் அலுப்பு. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் மாற்றம் ஒன்றும் இல்லை. உன் அறையைப் பூட்டவில்லை, சாத்தி மட்டும் வைத்திருக்கிறேன். சமையல் ஒரு வேளை. இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. முன்பு வந்தவர்கள் எல்லோரும் உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. மாற்றல் வேண்டாம், பதவி உயர்வும் வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று இனி சொல்லமாட்டேன். சொன்னது போதும்.

நம் இயற்கைச் சங்கத்தின் ஞாயிறு நடை நடந்தது. தண்ணீர்த் தொட்டி கேட்டில் கூடினோம். பொருளாளர் வழக்கம்போல பிளாஸ்க்கோடு வந்தார், வழக்கம்போல யாருக்கும் கொடுக்கவில்லை. பல் டாக்டர் புதிதாகத் தொலைநோக்கி வாங்கியிருக்கிறார்; வழி நெடுக அதன் பெருமைதான். தையற்கடை அம்மா வந்தார். புதியவர்கள் சிலர். குளத்தங்கரையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைத் தட்டில் தண்ணீரை ஊற்றி அதில் நெளிவதையெல்லாம் காட்டினோம். “நாங்க குடிக்கிற தண்ணியிலயும் இது இருக்குமா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். தொட்டி ஆபரேட்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஊசிக்குருவி இந்த வருஷம் வரவில்லை. புதியவர்களுக்கு எப்போதும் சொல்வதைச் சொன்னேன்: கட்டைவிரல் அளவுதான் இருக்கும், மர உச்சியை விட்டு இறங்காது, கண்ணில் படுவது அபூர்வம், குரலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும், அந்தக் குரல் ஊசிபோல மெல்லியது. சொல்லிவிட்டுத் தோப்பின் மேற்கு மூலையில் எல்லோரையும் பேசாமல் நிற்க வைத்தேன். காற்றுகூட இல்லை. ஒன்றும் கேட்கவில்லை.

“போன வருஷம் இருந்ததுதானே சார், இந்த வருஷமும் போட்டுக்கலாமே?” என்றார் ஒருவர். நம் விதியைச் சொன்னேன். நடையை நடத்துபவர் தன் காதால் கேட்டதும் தன் கண்ணால் கண்டதும் மட்டுமே பட்டியலில் ஏறும். பொருளாளர் பார்த்த கழுகு கடைசியில் காகிதப் பட்டமாகப் போன அன்று நான் போட்ட விதி அது. அவர் அன்றைக்கும் சிரிக்கவில்லை, இன்றைக்கும் சிரிக்கவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. தோப்பை வெட்டி லாரிக் கொட்டகை போட நகராட்சி திட்டம் வைத்திருக்கிறது. நம்மிடம் இந்த வருஷப் பறவைப் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். ஊசி கூடு கட்டும் இடத்தில் மரத்தைத் தொடக் கூடாது என்பது சட்டம். மற்ற பறவைகளுக்கு அந்த மரியாதை கிடையாது. ஆக, பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் தோப்பு நிற்கும், இல்லாவிட்டால் விழும்.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

அண்ணன்

ஜூன் 20

அண்ணா,

எனக்குக் கிடைத்திருக்கும் அறை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மூன்றாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடிக்க ஒரு புறா வருகிறது. அதுதான் என் பக்கத்து வீடு. ஆய்வுக்கூடத்தில் பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டிய ரத்த மாதிரிக் குப்பிகள் காலை முதல் வந்துகொண்டே இருக்கும். எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மேலதிகாரி என்பதால் நான் உள்ளே போனதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பதவி உயர்வு என்றால் இதுதான் போலிருக்கிறது.

இங்கேயும் ஓர் இயற்கைச் சங்கம் இருக்கிறது. போன ஞாயிறு போனேன். முப்பது பேரும் முப்பது கேமராவும். ஒரு மீன்கொத்தியை எல்லோரும் படமெடுத்து முடிக்கும்வரை அது பறக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. திரும்பும்போது வண்டியில் ஒருவர் “நீங்க எந்த லென்ஸ்?” என்று கேட்டார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி அடுத்தவரிடம் அதையே கேட்டார்.

ஊசி விஷயம். நீ மேற்கு மூலையில் நின்றபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? பிள்ளைகள் சத்தம் இருந்ததா? குளத்துப் பம்பு ஓடிக்கொண்டிருந்ததா? வேறு யாரிடமாவது ஏதாவது கேட்டதா என்று விசாரித்தாயா? புதியவர்கள் பூச்சி என்று நினைத்திருக்கலாம்.

பட்டியலை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே. இன்னும் சில தடவை போய்ப் பார். தனியாகப் போகாதே. இதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை.

பாப்பா

ஜூலை 2

பாப்பா,

பம்பு ஓடவில்லை. பிள்ளைகளைக் குளத்தங்கரையிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டோம். நான் எப்படி நிற்பேன், எவ்வளவு நேரம் நிற்பேன் என்பது உனக்குத் தெரியும். அதன் பிறகும் காலை வேளைகளில் தனியாகவே போனேன். தோப்பு அமைதியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பொருளாளர் சங்க அறையில் என்னோடு மல்லுக்கு நின்றார்.

“ஐயா, ஒரு குருவி. ஒரு வரி. எழுதினா அந்தக் குருவி வந்து கேஸா போடப்போகுது?”

“குருவி போடாது. என் மனசாட்சி போடும்.”

“உங்க மனசாட்சிய லாரிக் கொட்டகையில கொண்டுபோய் நிறுத்துங்க. இடம் நெறைய இருக்கும்.”

“பட்டத்தைக் கழுகுன்னு எழுதின கை இப்படித்தான்யா பேசும்” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனவர்தான், அதன் பிறகு பார்க்கவில்லை.

மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக இல்லாததை இருக்கிறது என்று இன்றைக்கு எழுதினால், நாளைக்கு இருப்பதை இருக்கிறது என்று எழுதும்போது எவன் நம்புவான்? சங்கத்துக்கு இருக்கிற ஒரே சொத்து அதன் பட்டியல். அதனால் கண்டதைக் கண்டபடி எழுதி நகராட்சியில் கொடுத்துவிட்டேன். ‘ஊசிக்குருவி: இந்த ஆண்டு இல்லை.’ ஆகஸ்ட் கடைசியில் பொதுக் கூட்டம். அதோடு தோப்பின் கதை முடிந்துவிடும்.

நீ இருந்திருந்தால் நீயும் இதையேதான் எழுதச் சொல்லியிருப்பாய்.

அண்ணன்

ஜூலை 11

அண்ணா,

நான் அதை எழுதச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஊசி அங்கேதான் இருக்கும். உனக்குக் கேட்கவில்லை. போன வருஷக் கடைசி நடையில்கூட நம் தலைக்கு மேலே விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நடையில் நீ மண்புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். நேர் மேலே ஊசி. எப்போதும் அதைக் கேட்டால் பாதிச் சொல்லில் நிறுத்திவிடுகிறவன் நீ, அன்றைக்கு நிறுத்தவில்லை. உன் பை வாரைப் பிடித்து இழுத்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய், கையைத் தூக்கினாய், ‘ஊசி’ என்றாய். எல்லோரும் கேட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நடையிலும் உன் வலது பக்கம் நான் நின்றது அதற்காகத்தான். அது கத்தினால் நான் இழுப்பேன், நீ அறிவிப்பாய்.

நீ பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. இழுத்ததும் உன் முகத்தில் வந்தது கேட்ட முகம்தான். உனக்குக் கேட்டது என்றே நீ நம்பினாய். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எந்தத் தங்கையும் வாயைத் திறக்கமாட்டாள். நான் செய்தது தப்பு என்று எழுதப் போவதில்லை. மறுபடி அங்கே நின்றால் மறுபடி இழுப்பேன்.

ஆனால் இப்போது நான் அங்கே இல்லை. நீ எழுதிக் கொடுத்த வரி இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கு.

பாப்பா

ஜூலை 16

உன் கடிதம் கிடைத்தது.

பக்கத்து வீட்டு நாய் குரைப்பது எனக்குக் கேட்கிறது. தெருவில் லாரி போவது கேட்கிறது. காகம், தவளை, பொருளாளர் எல்லாம் கேட்கிறது. நீ இல்லாவிட்டால் நான் ஒன்றுக்கும் ஆகமாட்டேன் என்று சொல்வதற்கு இவ்வளவு தூரம் சுற்ற வேண்டியதில்லை. நேராகவே சொல்லியிருக்கலாம்.

ஊரை விட்டுப் போனவர்கள் ஊரில் என்ன குருவி இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டாம்.

ஆகஸ்ட் 3

அண்ணா,

உன் கோபக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதியவற்றுக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. இது கடைசித் தடவை, பிறகு தொந்தரவு செய்யமாட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக் காது டாக்டரிடம் யாரோ ஒருவருக்கு என்று சொல்லிக் கேட்டேன். நாய், லாரி, தவளை எல்லாம் தடித்த சத்தம். அது கடைசிவரை கேட்கும் என்றார். முதலில் போவது மெல்லிய, உச்சக் குரல்கள்தானாம். போவதும் தெரியாதாம். சுற்றி அமைதியாக இருக்கிறது என்றுதான் தோன்றுமாம். “மிஷின் பக்கத்துல வேலை பார்த்தவரா?” என்று அவரே கேட்டார். பத்திரிகை அச்சகத்தில் பெரிய மிஷின் ஓட்டினார், முப்பது வருஷம் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

என் குரலும் மெல்லிய குரல்தான். போன் லைனில் கோளாறு எதுவும் இல்லை.

என்னை நம்ப வேண்டாம். தையற்கடை அம்மாவைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போ. எதற்கு என்று சொல்லாதே. கண்ணை மூடிக்கொண்டு, எது மெல்லிசாகக் கேட்டாலும் கையைத் தூக்கச் சொல். நீ அவர் கையை மட்டும் பார்.

அப்படியும் எழுத மனம் வராவிட்டால் என்னைத் திட்டியாவது எழுது. இங்கே என்னைத் திட்டக்கூட ஆள் இல்லை.

பாப்பா

ஆகஸ்ட் 29

பாப்பா,

போனேன்.

தையற்கடை அம்மா கடை திறப்பதற்கு முன்னால் வந்தார். மேற்கு மூலையில் நிற்க வைத்து நீ சொன்னபடியே சொன்னேன். “எதுக்கு சார், கண்ணாமூச்சியா?” என்று சிரித்தார். கண்ணை மூடினார். நான் எதிரே நின்றேன். தோப்பு நான் சொன்ன அதே அமைதியில் இருந்தது. அவர் கை மேலே போனது. இறங்கியது. மறுபடி போனது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினேன். ஒன்றும் இல்லை. கை போனது. பிறகு அவர் இறக்கவே இல்லை, தூக்கியபடியே நின்றார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பாம்புக்கு மகுடி கேட்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேனே, கையைத்தான் அது பார்க்கிறது என்று, அது ஞாபகம் வந்தது.

கண்ணைத் திறந்து அவர் சொன்னார்: “மிஷின் பெல்ட் தளர்ந்தா இப்படித்தான் கீச்சுனு கத்தும் சார். ஜூன்லயே கேட்டேன். ஏதோ பூச்சி, நீங்களே கண்டுக்கலையேன்னு விட்டுட்டேன்.”

‘நீங்களே கண்டுக்கலையே’ என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் எங்கும் போகவில்லை.

பிறகு சங்கத்தைக் கூட்டினேன். சிக்கல் எங்கே என்று உனக்குத் தெரியும். யார் கேட்டிருந்தாலும் நடத்துபவர் கேட்காதது பட்டியலில் ஏறாது. நான் நடத்துபவராக இருக்கும்வரை தோப்பில் ஊசி கிடையாது. அதனால் விலகுகிறேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். பொருளாளர்தான் பேசினார்.

“விதியை மாத்திட்டா போச்சுய்யா. ஒரு வரி. நீங்க போட்டதுதானே?”

“எனக்காக மாத்தினா அது விதி இல்ல, சலுகை.”

“இந்த மனுஷனோட பேசுறதுக்குச் சுவத்துல முட்டிக்கலாம்” என்றார். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

பல் டாக்டரை நடத்துபவர் ஆக்கினோம். மறுநாளே அவர் தையற்கடை அம்மாவோடு போய்த் தன் காதால் கேட்டு, குரலைத் தொடர்ந்து போய்க் கூட்டையும் அந்தத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டார். பொதுக் கூட்டத்தில் திருத்திய பட்டியலைக் கொடுத்தோம். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஜூன்ல இல்ல, ஆகஸ்ட்ல இருக்கு. குருவி லீவுல போயிருந்துதா?”

கூட்டம் சிரித்தது. பல் டாக்டர் என்னைக் காப்பாற்ற ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன். “குருவி எங்கயும் போகல சார். என் காதுதான் போயிருச்சு. ஜூன்ல எழுதினது நான்” என்றேன். சிரிப்பு நின்றது. அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். முடிவைத் தபாலில் சொல்வார்களாம்.

பொருளாளர் வீடுவரை கூட வந்தார். வாசலில் நின்று, “போன மாசம் ரெண்டு வாட்டி வந்தேன். பெல் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன், நீங்க தொறக்கல. கழுகுக் கோவம் இன்னும் போகலைன்னு நெனச்சுத் திரும்பிட்டேன்” என்றார். நான் வீட்டில்தான் இருந்தேன். அழைப்பு மணியை அழுத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பொருளாளர், “போதும், அடிக்குது” என்றார். எனக்கு என் விரல் மட்டும்தான் தெரிந்தது.

வேறு யார் யார் வந்து அழுத்திவிட்டுப் போனார்களோ.

அண்ணன்

செப்டம்பர் 5

அண்ணா,

அழைப்பு மணி விஷயம் எனக்கும் தெரியாது. நான் இருந்தவரை எப்போதும் நான்தான் போய்த் திறந்தேன். உன்னிடம் ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று வந்து சொல்வேன். அதில் ஒன்றும் தோன்றவில்லை. எந்த வீட்டிலும் தங்கைதானே போய்த் திறப்பாள்.

காது டாக்டரிடம் இந்தத் தடவை யாரோ ஒருவர் என்று சொல்லவில்லை, என் அண்ணன் என்றேன். காதில் வைக்கும் கருவி உதவும், மனிதக் குரல் தெளியும், தொலைபேசியும் ஓரளவு கேட்கும் என்றார். ஊசியின் குரல் கேட்குமா என்று விசாரித்தேன். அதற்கு உறுதி சொல்ல முடியாது என்றார். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ என்று எழுத ஆரம்பித்தேன். இந்த அறையில் ஒரு கட்டில்தான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஏசி பெட்டி. உன்னை இங்கே உட்கார வைத்துவிட்டு நான் காலையில் வேலைக்குப் போய்விடுவேன். அங்கே இருக்கும் தனிமையாவது உனக்குப் பழகியது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு டிசம்பருக்கு முன்னால் லீவு இல்லை.

இந்த ஞாயிறு நடைக்குப் போவாயா? உன்னைப் பின்னால் நிற்க வைப்பார்களே என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் போ. ஒரே ஒரு தடவை போய்விட்டு எழுது.

பாப்பா

செப்டம்பர் 15

பாப்பா,

நகராட்சிக் கடிதம் வந்தது. தோப்பைத் தொடமாட்டார்களாம். ‘தற்போதைக்கு’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கொட்டகை சாலைக்கு அந்தப் பக்கம் போகிறது. பொருளாளர் சங்க அறையில் எல்லோருக்கும் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினார். சரித்திரத்தில் முதல் தடவை. ஆளுக்கு அரை வாய்கூட வரவில்லை.

கருவிக்கு அளவு கொடுத்திருக்கிறேன். டிசம்பரில் நீ வா, பேசிக்கொள்ளலாம்.

நடைக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று தொட்டி கேட்டுக்கு இந்தப் பக்கமே கொஞ்ச நேரம் நின்றேன். எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். அதுதான் கஷ்டம். பல் டாக்டர் ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக “மை…னா” என்றார். மைனா எனக்கு நன்றாகவே கேட்டது. தையற்கடை அம்மா என் பையை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிக் கடைசி ஆளாக நடந்தேன். அது சுலபமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த ஒற்றையடிப் பாதையில் எனக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை. இப்போது பாதையே தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிகின்றன.

மேற்கு மூலையில் பல் டாக்டர் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றார்கள், எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக மாறுவது பக்கவாட்டில் தெரிந்தது. எனக்குக் கேட்காத ஒன்று அத்தனை பேருக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. நானும் மேலே பார்த்தேன். இலைகள் இருந்தன.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தவர். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவராம். பையன் கட்டாயப்படுத்தி அனுப்பினானாம். அவரும் மேலே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ‘ஆமாம் ஆமாம், அருமை’ என்பதுபோல. மற்றவர்கள் ஆட்டாதபோதும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊரிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவர் காதுப் பக்கம் குனிந்து, “எனக்கும் கேட்கல” என்றேன்.

அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். முறைத்தார். எதிர்த்துப் பேசப் போகிறார் என்றே நினைத்தேன். பிறகு மெதுவாக, “ரொம்ப நாளாவா?” என்றார்.

“அதுதான் எனக்கே தெரியல.”

“எனக்கும்” என்றார். “வீட்ல யாருக்கும் தெரியாது.”

மெதுவாகப் பேசுவதாகத்தான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தபோது யாரும் மரத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். பல் டாக்டர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன்